தொடாதிருத்தலும் அன்பே

தொழுநோயாளர் ஒருவர் முழந்தாள்படியிட்டு வேண்டியபோது, இயேசு பெருமான் முதலில் தம் கையை நீட்டி அவரைத் தொட்டார். நலமாக்கும் சொல் அதன் பின்னரே வந்தது. நற்செய்தியாளர் மாற்கு இந்த வரிசையைக் கவனமாகப் பதிவு செய்திருக்கிறார். ஒரு சொல்லாலேயே நோயை விரட்ட வல்லவர் ஏன் தொட வேண்டும்? நோயினும் கொடியது விலக்கம் என்பதை அவர் அறிந்திருந்தார். தீட்டு என்று ஊரார் ஒதுக்கிய உடலுக்கு மனிதக் கையின் வெம்மையே முதல் மருந்தாயிற்று. அந்தத் தொடுகையிலிருந்து திருச்சபையின் நோயாளர் பணி என்னும் நெடிய மரபு கிளைத்தது. 1873ஆம் ஆண்டு மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளரிடையே குடியேறி, அவர்தம் புண்களைக் கழுவி, அவர்களோடு உண்டு, அந்நோய்க்கே ஆளாகி 1889இல் உயிர்நீத்த புனித தமியான் அம்மரபின் அணையா விளக்கு.

ஆகவே, தொடுவது அன்பு, விலகி நிற்பது அன்பின்மை என்று நம் உள்ளம் பழகிவிட்டது. இப்பழக்கம் நல்லதே. ஆயினும், விலகி நிற்பதே அன்பாகவும், தொடுவதே தீங்காகவும் அமையும் ஒரு வாழ்க்கையை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அத்தகைய வாழ்க்கையைக் கருவாகக் கொண்ட அமெரிக்கத் திரைப்படம் ஒன்று 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. அதன் பெயர் ‘ஃபைவ் ஃபீட் அபார்ட்’. தமிழில் ‘ஐந்தடி இடைவெளி’ எனலாம். ஜஸ்டின் பால்டோனி இயக்கினார். மிக்கி டாட்ரி, டோபியாஸ் யக்கோனிஸ் ஆகியோரின் திரைக்கதையை ஒட்டி ரேச்சல் லிப்பின்காட் எழுதிய புதினம் படத்திற்கு முன்னரே, 2018இல் வெளியாயிற்று. இளைஞர் பலரைக் கண்ணீர் சிந்தவைத்த அப்படத்தைக் கண்ணீர் உலர்ந்தபின் மீண்டும் ஒருமுறை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை

ஸ்டெல்லா என்னும் பதினேழு வயதுப் பெண் ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்ற பிறவி நோய்க்கு ஆளானவள். மருத்துவமனையே அவளுக்குப் பாதி வீடு. மாத்திரைகளை வரிசையாய் அடுக்கி, நேரம் தவறாது மருந்தை மூச்சில் ஏற்று, மாற்று நுரையீரல் கிடைக்கும் நாளை நோக்கி ஒழுங்கோடு வாழ்கிறாள். அவளுடைய அக்காள் ஆபி ஒரு விபத்தில் இறந்துவிட்டாள். எஞ்சியிருக்கும் ஒரே மகள் தானும் போய்விட்டால் பெற்றோர் என்ன ஆவார்கள் என்ற கவலையே அவளை உயிரோடு நடத்திச் செல்கிறது.

அதே தளத்திற்கு வில் நியூமன் என்னும் இளைஞன் வருகிறான். அவனுக்கும் அதே நோய். அதற்கு மேல், ‘பர்க்கோல்டேரியா செபாசியா’ என்ற பாக்டீரியா அவனுடைய நுரையீரலில் குடியேறியிருக்கிறது. அதனால் மாற்று நுரையீரலுக்கான பட்டியலில் அவனுக்கு இடமில்லை. புதிய மருந்தொன்றின் சோதனைக்காக வந்திருக்கும் அவன், சிகிச்சையில் நம்பிக்கையற்றவன். படம் வரைவதில் விருப்பமுள்ளவன். அவனை ஒழுங்காக மருந்து உண்ணவைக்க ஸ்டெல்லா முனைகிறாள். அதற்குக் கைம்மாறாக அவளை வரைய அவன் அனுமதி கேட்கிறான். நட்பு காதலாகிறது. இந்நோயாளர் இருவர் எப்போதும் ஆறடி விலகியே இருக்க வேண்டும் என்பது விதி. ‘நோய் என்னிடமிருந்து எத்தனையோ திருடிவிட்டது, நான் அதனிடமிருந்து ஓரடியைத் திருடிக்கொள்கிறேன்’ என்ற கருத்தில், ஸ்டெல்லா ஐந்தடி நீளமுள்ள பில்லியர்ட்ஸ் கோலொன்றைக் கையிலெடுக்கிறாள். கோலின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவனும் பற்றி நடக்கிறார்கள். படத்தின் தலைப்பு இங்கே பிறக்கிறது.

இவர்களுடைய நண்பன் போ. அவனுக்கும் இதே நோய். சிறுவயது முதலே ஸ்டெல்லாவோடு அதே மருத்துவமனையில் வளர்ந்தவன். அவன் திடீரென இறக்கும்போது கதை திரும்புகிறது. துயரத்தில் ஸ்டெல்லா இரவில் வெளியேறுகிறாள். பனி மூடிய குளத்தில் விழுகிறாள். வில் அவளுக்கு வாயோடு வாய் வைத்து மூச்சளித்து உயிர் மீட்கிறான். மாற்று நுரையீரல் கிடைத்து அவள் பிழைக்கிறாள். அவனுடைய கிருமி அவளைத் தொற்றவில்லை. தன் மருந்துச் சோதனை தோற்றதை அறிந்த அவன், கண்ணாடிக்கு அப்பால் நின்று விடைபெற்றுச் செல்கிறான்.

நோயும் அதன் வரலாறும்

இப்படத்தை மதிப்பிட நோயைப் பற்றிச் சிறிது அறிந்தாக வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேரும்போது குழந்தைக்கு இந்நோய் உண்டாகிறது. அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. உயிரணுக்களின் வழியே உப்பும் நீரும் செல்லும் வாயில் சரிவர இயங்குவதில்லை. எனவே, நம் நுரையீரலில் நீராய் இழைந்தோடும் சளி இவர்களுக்குப் பசைபோல் இறுகிவிடுகிறது. கணையத்தின் குழாய்களும் அடைபடுவதால் உணவு செரிப்பதில்லை. வியர்வையில் உப்பு மிகுகிறது. 1938ஆம் ஆண்டு நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்னும் பெண் மருத்துவர் இதனைத் தனி நோயென விளக்கிக் காட்டினார். 1989இல் அம்மரபணு கண்டறியப்பட்டது. கண்டறிந்தோருள் ஒருவரான ஃபிரான்சிஸ் காலின்ஸ் தம் கிறித்தவ விசுவாசத்தை வெளிப்படையாக எழுதியும் பேசியும் வந்தவர் என்பது நம் வாசகர் பலரும் அறிந்ததே.

இறுகிய சளியில் கிருமிகள் எளிதில் குடியேறுகின்றன. நலமுள்ள நுரையீரல் ஒரே நாளில் வெளியேற்றிவிடும் கிருமி, இங்கே ஆண்டுக்கணக்கில் தங்கி நுரையீரலைச் சிதைக்கிறது. அவற்றுள் மிகவும் அஞ்சப்படுவது வில்லின் நுரையீரலில் குடியிருக்கும் செபாசியா. இதன் கதை வியப்புக்குரியது. 1950ஆம் ஆண்டு, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயிர்நோய்களை ஆராய்ந்த வால்டர் பர்க்கோல்டர், வெங்காயத்தை அழுகச் செய்யும் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். வெங்காயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குச் செபாசியா என்று பெயர் வந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் இக்கிருமி உங்களுக்கும் எனக்கும் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளர்க்கோ, சிலரைச் சில வாரங்களிலேயே காய்ச்சலும் இரத்தத்தில் தொற்றுமாய்க் கொன்றுவிடுகிறது. கனடாவின் டொராண்டோ நகரச் சிறுவர் மருத்துவமனை மருத்துவர்கள் இக்கொடுமையை 1984இல் வெளியிட்டனர்.

அக்காலத்தில் இந்நோயாளர் எவ்வாறு வாழ்ந்தனர்? சிதறிக்கிடந்த அவர்களைத் தனிச் சிறப்பு மையங்களில் ஒன்றுசேர்த்துக் கவனித்ததால் ஆயுள் கூடியது. குழந்தைகள் காத்திருக்கும் கூடங்களில் ஒன்றாய் விளையாடினர். தாய்மார் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதனர். வட அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இந்நோயாளர்க்கெனக் கோடைக்கால முகாம்கள் நடந்தன. பள்ளியில் தனியனாய் இருமிக்கொண்டிருந்த சிறுவன், தன்னைப்போலவே இருமும் நூறு பேரை அங்கே கண்டான். தன் நோயை விளக்கவேண்டிய தேவையில்லாத தோழமை அவனுக்கு முதன்முறையாக வாய்த்தது.

அந்தத் தோழமையின் வழியாகத்தான் மரணம் நடந்து வந்தது. எடின்பரோ, மான்செஸ்டர் நகர்களின் மருத்துவ மையங்களில் ஆய்ந்த ஜான் கோவனும் அவர்தம் உடனாய்வாளரும், நோயாளர் தமக்குள் பழகும் பழக்கத்தாலேயே செபாசியா ஒருவரிடமிருந்து மற்றவர்க்குப் பரவுகிறது என்பதற்கான சான்றுகளை 1993இல் வெளியிட்டனர். எடின்பரோ நோயாளரின் கிருமியும் டொராண்டோ நோயாளரின் கிருமியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை எனத் தெரியவந்தது. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அக்கிருமி பரவக் கோடைக்கால முகாம்களே பாலமாயின என்று கருதப்படுகிறது. 1990களில் முகாம்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. அதோடு முடியவில்லை. சூடோமோனாஸ் என்னும் வேறொரு கிருமியின், மருந்துக்கு அடங்காத ஒரே வகை, லிவர்பூல் நகரின் சிறுவர் மையத்தில் பல குழந்தைகளிடம் பரவியிருந்தது 1996இல் வெளியாயிற்று. டென்மார்க்கின் கோபன்ஹேகன் மையம் இத்தகைய ஆபத்தைக் கண்டு 1980களிலேயே நோயாளரைக் கிருமி வாரியாகப் பிரித்துக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. நலம் தேடி நாடிய கூடமே நஞ்சு பகிரும் கூடமாயிற்று. குணமளிக்கக் கட்டிய ஒற்றுமையே கொல்லும் ஒற்றுமையாயிற்று.

இவ்வனுபவத்திலிருந்து பிறந்தவையே இடைவெளி விதிகள். அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளையின் வழிகாட்டுதல் 2003இல் மூன்றடி என்றது. 2013இல் அதை ஆறடியாக உயர்த்தியது. நோயாளர் மருத்துவமனைக்குள் முகக்கவசம் அணிய வேண்டும். அவரைக் கவனிப்போர் ஒவ்வொரு முறையும் மேலங்கியும் கையுறையும் அணிய வேண்டும் என்றும் வகுத்தது. ஆகவே, அந்த ஆறடி ஏதோ ஓர் அதிகாரியின் மேசையில் பிறந்த எண் அன்று. அது புதைகுழிகளின் ஓரத்தில் நின்று அளந்த அளவு.

படம் சொன்னதும் சொல்லாததும்

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு பார்க்கையில் படத்தின் குறையும் நிறையும் தெளிவாகின்றன.

நிறையை முதலில் சொல்வோம். உலகில் பலர் பெயரும் அறிந்திராத ஒரு நோயை இப்படம் பெருந்திரைக்குக் கொண்டுவந்தது. இந்நோயோடு வாழ்ந்து அதைப்பற்றி அஞ்சாமல் உலகறியப் பேசிய கிளேர் வைன்லேண்ட் என்னும் இளம்பெண் இயக்குநருக்கு ஆலோசனை வழங்கினார். படம் வெளிவருமுன், 2018இல், தமது இருபத்தொன்றாம் வயதில் நுரையீரல் மாற்று அறுவையை அடுத்து மறைந்தார். அன்றாட மருந்து, மூச்சுப் பயிற்சி, வயிற்றுக் குழாய், மார்பின் தழும்பு ஆகியவற்றை மறைக்காமல் காட்டுவதில் அவருடைய வாய்மையின் சாயலை நாம் காண்கிறோம். நீச்சல் குளத்தருகே இருவரும் தம் தழும்புகளை ஒருவருக்கொருவர் காட்டும் காட்சி, இச்சையைத் தூண்டும் காட்சியாக எளிதில் சரிந்திருக்கக்கூடும். அவ்வாறு சரியாமல், காயங்களைக் காட்டி அறிமுகமாகும் அன்பாகவே நிற்கிறது. உயிர்த்த ஆண்டவரைத் தோமா அறிந்துகொண்டதும் காயங்களால் அன்றோ!

ஆயினும், படத்தின் மையத்தில் ஒரு பிழை இருக்கிறது. அது ‘திருட்டு’ என்னும் உருவகம். இடைவெளியை நோயின் உடைமை என்று கருதுவதால்தான் அதிலிருந்து ஓரடியைத் திருடுவது வீரமாகத் தோன்றுகிறது. உண்மையில் நோய் விரும்புவது நெருக்கத்தையே. இருவர் நெருங்கும்போது மகிழ்வது கிருமி. இடைவெளியோ நோயாளர்க்கு உரிய சொத்து. முன்சென்றோர் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கிப் பின்வந்தோர்க்கு விட்டுச்சென்ற சொத்து. அதிலிருந்து ஓரடியை எடுப்பது பகைவனைக் கொள்ளையிடுவதாகாது. தன் வீட்டுச் சுவரையே இடிப்பதாகும். அதுவும் அச்சுவர் உயரமானதன்று. இந்நோயாளரின் இருமலில் தெறிக்கும் நுண்துளிகளில் சூடோமோனாஸ் கிருமி நான்கு மீட்டர் தொலைவு வரையிலும், நாற்பத்தைந்து நிமிடம் வரையிலும் உயிரோடிருக்கக் கூடும் என ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2014இல் காட்டினர். நான்கு மீட்டர் என்பது ஏறத்தாழப் பதின்மூன்று அடி. ஆறடி என்பதே நடைமுறைக்காகச் செய்துகொண்ட ஓர் இணக்கம் என்றால், ஐந்தடிக்கு என்ன பொருள்? காதலர்க்கு அது ஓர் அழகிய குறியீடு; கிருமிக்கு அது ஒரு திறந்த கதவு.

இரண்டாவது குறை, வரலாற்றின்மை. விதியைக் காப்பவர் படத்தில் ஒருவரே: செவிலியர் பார்ப். முன்பொருமுறை தாம் விதியைத் தளர்த்தியதால் காதலர் இருவர் இறந்ததை அவர் சொல்கிறார். அச்சில நிமிடங்களே படத்தில் கனமானவை. எனினும், தொற்று என்பது இரு காதலரின் துணிச்சலால் நேர்வது என்ற எண்ணத்தையே அதுவும் விதைக்கிறது. உண்மை அவ்வாறன்று. முத்தமிட்டு இறந்தோரைவிட, காத்திருக்கும் கூடத்தில் அடுத்த நாற்காலியில் அமர்ந்ததால் தொற்றுற்றோரே மிகுதி எனக் கருத இடமுண்டு. லிவர்பூல் குழந்தைகள் எவரும் விதி மீறவில்லை. அன்று மீறுவதற்கு விதியே இல்லை. குற்றமற்றோரைக் குற்றமற்றோர் வழியாக, அன்பான மருத்துவரின் கூடத்திலேயே நோய் தீண்டியது. இத்துயரத்தின் ஆழம் அங்கேதான் இருக்கிறது. காதல் கதைக்குக் குற்றவாளி வேண்டும், மீறல் வேண்டும். அதனால் திரைக்கதை அந்த ஆழத்திற்குள் இறங்கவில்லை. இறங்காதது மட்டுமன்று, நோயாளர் தம் விருப்பம்போல் நடைவழிகளிலும் பொதுக் கூடங்களிலும் உலவும் ஒரு மருத்துவமனையைக் காட்டி, இன்றைய கட்டுப்பாடுகளின் கடுமையையும் மங்கச் செய்துவிடுகிறது.

மூன்றாவது குறை, வில் என்னும் பாத்திரத்தின் உள்ளம். செபாசியாவைச் சுமப்பவன் தன் நோயினத்தாருக்குள்ளேயே ஒதுக்கப்பட்டவன். மற்ற நோயாளர் அவனைக் கண்டு அஞ்சுவர். விலக்கப்பட்டோருள் விலக்கப்பட்டவன் அவன். தன் மூச்சு பிறர்க்கு நஞ்சு என்று அறிந்த ஒருவன் ஒவ்வொரு முறை இருமும்போதும் என்ன எண்ணுவான்? இதைவிடப் பெரிய கருவொன்று எழுத்தாளனுக்கு வாய்க்குமா? படமோ அவனைத் தலைமுடி கலைந்த, குறும்பு பேசும், சாவுக்கு அஞ்சாத வழக்கமான காதல் நாயகனாக்கிவிடுகிறது. அவனுடைய கிருமி கதையின் தடையாகப் பயன்படுகிறதேயன்றி, அவனுடைய சிலுவையாக உணர்த்தப்படவில்லை. இறுதியில், வாயோடு வாய் வைத்து மூச்சளித்தும் ஸ்டெல்லாவுக்குத் தொற்றவில்லை என்பது கதாசிரியர் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட சலுகை. அத்தகைய நற்பேறு உலகில் நேரக்கூடியதே. ஆனால், அதுவரை எழுப்பிய வினாவிலிருந்து நழுவிச் செல்ல அது பயன்படும்போது, கலை தன் கடனைத் தீர்க்காமல் எழுந்து போய்விடுகிறது.

இத்தனைக்கும் நடுவே படம் தன்னையறியாமல் ஓர் உயரத்தைத் தொடுகிறது. போ இறந்தபின், வாழ்நாள் முழுவதும் உற்ற தோழனாய் இருந்தவனைத் தான் ஒருமுறையேனும் அணைத்ததில்லை என்று ஸ்டெல்லா உணரும் கணம் அது. அங்கே காதல் இல்லை, அலங்காரம் இல்லை. பல்லாண்டு ஆறடி தொலைவில் நின்ற ஒரு நட்பு மட்டுமே இருக்கிறது. விதியைக் காத்ததால் ஒருவர்க்கொருவர் தீங்கிழைக்காத நட்பு அது. ஆயினும் அணைக்காத கைகளின் பாரத்தை அவள் சாகும்வரை சுமப்பாள். விதி சரியானதே, ஆயினும் அது வலிக்கிறது என்ற இரு உண்மைகளும் ஒரே கணத்தில் நிற்கின்றன. இப்படத்தின் உண்மையான கதை ஸ்டெல்லாவும் வில்லும் அல்லர்; ஸ்டெல்லாவும் போவுமே என்பது என் துணிபு. திரைக்கதை அந்த நட்பை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் காதலை நடுவே வைத்தது. காதல் விலைபோகும், நட்பு அவ்வளவு விலைபோவதில்லை.

கூட்டத்திலும் தனிமை

இந்நோயைத் தொழுநோயோடு ஒப்பிட்டுப் பேசுவது இயல்பு. ஆனால், ஆழ்ந்து நோக்கினால் இது அதன் தலைகீழ் வடிவம் என்பது புலனாகும். லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் தொலைவில் நின்று இயேசுவை நோக்கிக் கூவினர். அவர்கள் ஊராரிடமிருந்து விலகி நின்றனர். ஆனால், பத்துப் பேரும் ஒன்றாக நின்றனர். யூதரும் சமாரியரும் உறவாடாத காலத்தில், அக்கூட்டத்தில் சமாரியர் ஒருவரும் இருந்தார். நோய் அவர்களை ஊரிலிருந்து பிரித்தது. ஆனால் தமக்குள் இணைத்தது. பழைய ஏற்பாட்டில் சமாரியா நகர வாயிலில் அமர்ந்திருந்த நால்வரும் அவ்வாறே ஒருவருக்கொருவர் துணையாயிருந்தனர். மொலோக்காயில் தமியான் தொழுநோயாளரைக் கூட்டிப் பாடற்குழு அமைத்தார். அவர்கள் ஒருவர் குரலோடு ஒருவர் குரல் சேர்த்துப் பாடினர்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளரின் நிலை இதற்கு நேர்மாறானது. தாய் அவரை அணைக்கலாம். நலமுள்ள நண்பர் கைகுலுக்கலாம். குருவானவர் நெற்றியில் எண்ணெய் பூசலாம். இவ்வுலகில் அவர் தொடக்கூடாதவர் ஒரே இனத்தார்தாம்: தம்மைப்போலவே நோயுற்றோர். தம் வேதனையைச் சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடியவர் எவரோ, அவரை மட்டுமே அவர் நெருங்கக்கூடாது. ஊரில் இடமுண்டு, உடன்நோயாளரோடு இடமில்லை. ஒரே ஆலயத்தில் இந்நோயாளர் இருவர் இருப்பின், சமாதான வாழ்த்தைக்கூட அவர்கள் தொலைவிலிருந்தே பகிர வேண்டும். நம் மரபில் இத்தனிமைக்குப் பழகிய சொல் இல்லை.

எனவே, இங்கே அன்பின் இலக்கணத்தை நாம் புதிதாய்க் கற்க வேண்டியிருக்கிறது. தமியானின் தொடுகை எதனால் புனிதமாயிற்று? தமக்கு வரக்கூடிய தீங்கைப் பொருட்படுத்தாததால். அதில் ஆபத்தை ஏற்றவர் அவர். நன்மை பெற்றவர் நோயாளர். செபாசியாவைச் சுமப்பவரின் தொடுகையிலோ ஆபத்து மற்றவர்க்கு. ஆகவே, தமியானைக் கைநீட்டச் செய்த அதே அன்பு இவரைக் கைமடக்கச் செய்கிறது. செயல்கள் எதிரெதிராய் இருப்பினும், ஊற்று ஒன்றே: தன்னைவிடப் பிறரின் நலத்தை மேலாக எண்ணுதல். உயிர்த்தெழுந்த காலையில், தம்மைப் பற்றிக்கொள்ள விரைந்த மகதலா மரியாவை ஆண்டவர் தடுத்தார். அது அன்பின் மறுப்பன்று. அவள் சகோதரரிடம் சென்று அறிவிக்க வேண்டிய செய்தி ஒன்று இருந்தது. பற்றிக்கொள்ளாத அன்புக்கும் நற்செய்தியில் இடமுண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்த ஒளியில் பார்த்தால், படத்தின் இறுதிக் காட்சியே அதன் தலைப்பை மறுத்துப் பேசுவதாகத் தோன்றுகிறது. வில் வெளியே விளக்குகளை ஏற்றிவைத்து, கண்ணாடிக்கு அப்பால் நின்று, அவள் மீண்டும் தன்னை நெருங்காதிருக்கும்படி விலகிச் செல்கிறான். ஓரடியைத் திருடிய காதல், முடிவில் எல்லா அடிகளையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த விலகலே அவனுடைய முதல் அணைப்பு. இதை உணர்ந்து படமெடுத்திருந்தால், அதற்கு வேறு தலைப்புக் கிடைத்திருக்கும்.

படம் வெளிவந்த அதே ஆண்டு அக்டோபரில், மரபணுப் பழுதின் விளைவையே திருத்தும் மும்மருந்துக் கூட்டு ஒன்றுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. நோயாளருள் ஏறத்தாழத் தொண்ணூறு விழுக்காட்டினர்க்கு அது பயன்படக்கூடும் என்று கூறப்பட்டது. சாவின் நிழலில் நின்ற பலர் எழுந்து நடந்தனர். இறைவனுக்கு நன்றி. ஆயினும், அம்மருந்து பயன்படாத மரபணு உடையோரும், அதன் விலையை எட்ட முடியாத நாடுகளில் வாழ்வோரும் இன்னும் உளர். ஏற்கெனவே குடியேறிய கிருமி எல்லோரையும் விட்டு நீங்கிவிடவுமில்லை. ஸ்டெல்லாக்களும் வில்களும் இன்னும் தொலைவிலிருந்தே பேசுகின்றனர்.

அடுத்த ஆண்டே, 2020இல், உலகம் முழுவதும் அந்த ஆறடிக்குள் தள்ளப்பட்டது. ஆலய இருக்கைகளில் குறியிட்டு அமர்ந்தோம். சமாதான வாழ்த்துக்குக் கைகூப்பினோம். இறந்தோரைத் தொடாமல் அடக்கம் செய்தோம். சில மாதங்களிலேயே நாம் சலித்துப்போனோம். பிறந்தது முதல் அவ்வாறே வாழ்வோர் உண்டென்று எத்தனைபேர் நினைத்துப் பார்த்தோம்?

ஒரு மருத்துவமனைக் கூடத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரே நோயுற்ற இரு சிறுவர், முகக்கவசம் அணிந்து, ஒருவர் வரும் நேரத்தில் மற்றவர் கதவுக்குள் நிறுத்தப்படுகின்றனர். கண்ணாடி வழியே ஒருவரையொருவர் பார்க்கின்றனர். ஒருவன் கையை உயர்த்தி அசைக்கிறான், மற்றவனும் அசைக்கிறான். தொடாத அந்த இரு கைகளையும் தொழுநோயாளரைத் தொட்ட ஆண்டவரே ஏந்திக்கொள்கிறார் என்று நம்புவது நம் விசுவாசம். அவ்விரு சிறுவர்க்கும் உடன்நோயாளர் அளிக்க இயலாத அணைப்பை நலமுள்ள நாம் அளிக்கலாம். நம் தொடுகைக்குத் தடையில்லை. கையைக் கழுவிக்கொண்டு, சளிக்காய்ச்சல் உள்ள நாளில் வீட்டிலேயே இருந்துகொண்டு, மற்ற நாளில் அருகே சென்று அமர்வோமாக.